வாயும் உறக்கமும்

"என்னமாய் உறங்குகிறான்! குறட்டை ஒலி தெருமுனை வரை கேட்கிறது" என்று நம் வீடுகளில் மகிழ்ச்சியோடு சொல்வதுண்டு. குறட்டை நல்ல உறக்கத்தின் அடையாளம் என்பது நம்மிடையே ஊறிப்போன எண்ணம். பல்லில் வலி என்றால் அது பல்லோடு நிற்கும் நோய், பிடுங்கி எறிந்தால் தீர்ந்தது என்பது மற்றோர் எண்ணம். இவ்விரண்டும் பிழையான எண்ணங்கள். இரண்டு பிழைகளுக்கும் இடையே நெருங்கிய தொடர்பும் இருக்கிறது. வாயின் அமைப்பும் நலமும் உறக்கத்தைத் தாங்குகின்றன. உறக்கத்தில் நேரும் கேடு வாயில் எழுதப்படுகிறது. அந்த எழுத்தைப் படிப்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தோழர்களே, இப்பொருளை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் நாம் வாழும் இடமே. திருப்பதி உறங்காத ஊர். மலைமேல் விடியலுக்கு நெடுநேரம் முன்பே சுப்ரபாதம் ஒலிக்கிறது. அடிவாரத்தில் நள்ளிரவிலும் தேநீர்க் கடையில் அடுப்பு எரிகிறது. இரயில் நிலையத்தில் எந்த நேரமும் யாத்திரிகர் கூட்டம். சித்தூர்ச் சாலையிலோ மாம்பழமும் வெல்லமும் காய்கறியும் ஏற்றிய லாரிகள் சென்னையையும் பெங்களூரையும் நோக்கி இரவெல்லாம் ஓடுகின்றன. விடுதியில் நாமும் தேர்வுக் காலத்தில் விழித்திருக்கிறோம். விழித்திருக்கச் சர்க்கரை மிகுந்த தேநீரைக் குடிக்கிறோம். பிறகு வாயைக்கூடக் கொப்பளிக்காமல் படுக்கையில் சாய்கிறோம். ஆகவே உறக்கத்தைப் பற்றியும் வாயைப் பற்றியும் ஒருசேரச் சிந்திக்க இதைவிடப் பொருத்தமான ஊர் வேறு இல்லை.

ஒரு வாயில், இரண்டு வழிகள்

தமிழில் வாய் என்றாலும் வாயில் என்றாலும் நுழைவிடம் என்ற கருத்து உண்டு. உடலின் இந்த வாயில் வழியே உணவு செல்கிறது. மூக்கு அடைத்தபோது மூச்சும் செல்கிறது. மூச்சு மூக்கின் வழியே வந்தாலும் வாயின் வழியே வந்தாலும் நாவின் பின்புறமுள்ள தொண்டைக் குழியைக் கடந்தே நுரையீரலுக்குப் போக வேண்டும். அந்தக் குழிதான் நம் கதையின் களம்.

மூச்சுக் குழாயைச் சுற்றிக் குருத்தெலும்பு வளையங்கள் இருக்கின்றன. அதனால் அது எளிதில் மூடிக்கொள்வதில்லை. தொண்டைக் குழிக்கு அத்தகைய வளையம் கிடையாது. அதன் சுவர்கள் சதையால் ஆனவை. முன்னே நாக்கு, மேலே மென்மையான பின் அண்ணம், அதிலிருந்து தொங்கும் உள்நாக்கு, இருபுறமும் டான்சில் என்ற சதைக்கட்டிகள். விழித்திருக்கும்போது தசைகள் விறைப்பாக நின்று இந்த வழியைத் திறந்து வைக்கின்றன. உறங்கும்போது அத்தசைகள் தளர்கின்றன. நாக்கின் முக்கியத் தசை கீழ்த்தாடை எலும்பின் உட்புறத்தில், மோவாய்க்குப் பின்னால், ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனவே தாடை சிறிதாகவோ பின்தள்ளியோ அமைந்திருந்தால் நாக்கும் பின்னோக்கியே இருக்கும். மல்லாந்து படுத்தால் தன் எடையாலேயே அது தொண்டைக்குள் சரியும்.

குறட்டையும் மூச்சடைப்பும்

வழி சற்றே குறுகினால் காற்று விரைந்து செல்லும்போது பின் அண்ணமும் உள்நாக்கும் துணிக்கொடியில் காயும் துணிபோல் படபடக்கின்றன. அந்த ஒலியே குறட்டை. தெலுங்கு நண்பர்கள் இதைக் 'குரக' என்பர். இரு மொழியினரும் அந்த ஒலியைக் கேட்டே பெயரிட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

வழி மேலும் குறுகி முற்றிலும் அடைத்துக்கொண்டால் என்னாகும்? மார்பு ஏறி இறங்கும். காற்று மட்டும் உள்ளே போகாது. இரத்தத்தில் பிராணவாயு குறையும். மூளை அபாயத்தை உணர்ந்து உறங்குபவனை ஒரு கணம் தட்டி எழுப்பும். தசைகள் விறைக்கும், பெருத்த ஒலியோடு மூச்சு திரும்பும், மீண்டும் உறக்கம், மீண்டும் அடைப்பு. குறைந்தது பத்து விநாடி மூச்சு நின்றால் அதை ஒரு தடவையாக மருத்துவர் கணக்கிடுகின்றனர். மூச்சு முற்றும் நிற்பதையும் ஓரளவு குறைவதையும் சேர்த்து எண்ணி, மணிக்கு 5 முதல் 15 தடவை வரை இருந்தால் இலேசானது என்றும், 15 முதல் 30 வரை நடுத்தரம் என்றும், 30க்கு மேல் கடுமையானது என்றும் வகுத்திருக்கின்றனர். மணிக்கு முப்பது என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை! காலையில் எழும்போது அந்த மனிதனுக்கு ஒன்றும் நினைவிராது. தலைவலி இருக்கும், நாக்கு வறண்டிருக்கும், பகலெல்லாம் கண் சொருகும். எட்டு மணி நேரம் உறங்கினோமே, ஏன் இந்தச் சோர்வு என்று அவனே வியப்பான். ஆண்டுகள் செல்லச் செல்ல இரத்த அழுத்தம் உயரும்; இருதயம் துன்புறும்.

இந்நோயை உலகம் உணர்ந்துகொண்டது நெடுங்காலத்துக்கு முன்பன்று. சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய 'பிக்விக்' நாவலில் எந்நேரமும் உறங்கி விழும் பருத்த பையன் ஒருவன் வருகிறான். அமெரிக்க மருத்துவர் சிலர் 1956ஆம் ஆண்டில் அவ்வகை நோயாளி ஒருவரை ஆராய்ந்து, நோய்க்கே பிக்விக்கின் பெயரைச் சூட்டினர். ஆயினும் உறக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நிற்பதைக் கருவிகளால் பதிவு செய்து காட்டியது 1965ஆம் ஆண்டில்தான். பிரான்சில் காஸ்தோ குழுவினரும் ஜெர்மனியில் யுங், கூலோ ஆகியோரும் தனித்தனியே அதைச் செய்தனர். நம் நாட்டில் மும்பையில் டாக்டர் உத்வாடியா குழுவினர் 35 முதல் 65 வயது வரையுள்ள நகர ஆடவரை ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட முடிவின்படி, நூற்றுக்கு ஏழரைப் பேருக்குப் பகல் தூக்கத்தோடு கூடிய இந்த மூச்சடைப்பு இருந்தது. அரிய நோயென்று இனியும் இதைத் தள்ளிவிட முடியுமா?

பல் மருத்துவர் கேட்ட கேள்வி

எங்கள் குடும்பம் பிழைப்பை நாடி வேலூர்ப் பக்கமிருந்து சித்தூருக்கு வந்து குடியேறியது. என் தாய்மாமன் அங்கே லாரி ஓட்டுகிறார். வயது நாற்பத்தாறு. வீட்டில் அவர் உறங்கினால், "லாரி இங்கேயும் ஓடுகிறது" என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருக்குக் கடைவாய்ப் பல்லில் தாங்கொணா வலி. ஏற்கெனவே இரண்டு பற்களைப் பிடுங்கியாகிவிட்டது. மூன்றாவதையும் பிடுங்கிவிடலாம் என்றுதான் சித்தூரில் ஒரு பல் மருத்துவரிடம் சென்றார். அத்தையும் நானும் உடன் சென்றோம்.

அந்த மருத்துவர் வலித்த பல்லோடு நிற்காமல் வாய் முழுவதையும் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு தெலுங்கில், "இரவில் நன்றாக உறங்குகிறீர்களா?" என்று கேட்டார். மாமாவுக்குச் சிரிப்பு வந்தது. "படுத்தால் போதும் டாக்டர், அடுத்த நிமிடம் குறட்டைதான்" என்றார். அப்பொழுது அத்தை தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நடுவிலே நடுவிலே மூச்சே நின்னுபோகுது டாக்டர். பயந்துபோய் நான்தான் தோளைத் தட்டி எழுப்புவேன்." எத்தனை ஆண்டுகளாக என்று கேட்டதற்கு, ஆறேழு ஆண்டுகள் என்றார். ஆறேழு ஆண்டுகள் அந்த அச்சத்தோடு அவர் இரவில் விழித்திருந்திருக்கிறார். சொன்னால் சிரிப்பார்களே என்று யாரிடமும் சொல்லவில்லை.

மருத்துவர் எழுதிக் கொடுத்தபடி பெரிய மருத்துவமனையில் ஓர் இரவு உறக்கப் பரிசோதனை நடந்தது. மணிக்கு நாற்பது தடவைக்கு மேல் மூச்சு தடைப்படுவதாகத் தெரிந்தது. சிகிச்சை பலன் தரும்வரை இரவில் வண்டி ஓட்டக் கூடாது என்று கூறிவிட்டனர். இரண்டு மாதம் வருமானம் இல்லை, வீட்டில் கஷ்டந்தான். இப்பொழுது முகமூடிக் கருவியோடு உறங்குகிறார், மீண்டும் வண்டி ஓட்டுகிறார். இழந்த பற்கள் வரவில்லை. ஆனால் இரவில், பாரம் ஏற்றிய லாரியில், உள்ளுக்குள் உறங்கிக்கொண்டே ஓட்டிய அந்த ஆறேழு ஆண்டுகளை எண்ணும்போது, இரண்டு பற்களோடு போயிற்றே என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

அந்த மருத்துவர் வாயில் எதைக் கண்டார்? பற்களின் உச்சி தேய்ந்து தட்டையாகியிருந்தது. வாய் வறண்டிருந்தது. ஈறு சிவந்து வீங்கியிருந்தது. நாக்கின் ஓரங்களில் பற்களின் அச்சு பதிந்திருந்தது. இவை ஒவ்வொன்றும் எப்படி உண்டாகின்றன என்பதை விஞ்ஞானம் அறிந்தவரை பார்ப்போம்.

உமிழ்நீர் ஓயும் நேரம்

உமிழ்நீரை நாம் மதிப்பதில்லை. ஆனால் பற்களுக்கு அதுவே காவலன். ஒரு நாளில் சுமார் அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை அது சுரக்கிறது. உணவுத் துணுக்குகளைக் கழுவுகிறது, கிருமிகளை அடக்குகிறது, கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் தாங்கி வந்து பல்லின் மேற்பூச்சான எனாமலைப் பழுது பார்க்கிறது. எல்லாவற்றிலும் முக்கியம், அதிலுள்ள பைகார்பனேட் அமிலத்தை முறிக்கிறது.

இனிப்பை உண்டதும் பல்லின்மேல் படிந்துள்ள கிருமிகள் சர்க்கரையைப் புளிக்கவைத்து லாக்டிக் அமிலமாக்குகின்றன. நம் இரசாயனக் கூடத்துப் பழக்கத்தில் சொன்னால், பற்படிவின் பி.எச். சில நிமிடங்களில் இறங்குகிறது. ஏறத்தாழ 5.5க்குக் கீழே சென்றால் எனாமல் கரையத் தொடங்கும். பகலில் உமிழ்நீர் சுரந்து அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் நிலைமையைச் சீராக்கிவிடும். இரவில் என்ன நடக்கிறது? உறங்கியதும் உமிழ்நீர்ச் சுரப்பு ஏறத்தாழ நின்றே போகிறது. காவலன் இல்லாத வீட்டில் கள்வன் விடியும்வரை வேலை செய்யலாம் அன்றோ? படுக்கப் போகுமுன் குடித்த இனிப்புத் தேநீரும் கடித்த பிஸ்கோத்தும் பகலில் உண்ட அதே பண்டங்களைவிடக் கேடு விளைவிப்பது இதனாலேயே.

இதற்குமேல் ஒருவன் வாயைத் திறந்து மூச்சு விட்டால், இருக்கும் ஈரமும் காய்ந்துபோகும். குறட்டை விடுவோரில் பலர் வாய்வழி மூச்சு விடுவோர். காலையில் நாக்கு ஒட்டிக்கொள்வது, உதடு வெடிப்பது, வாய் நாறுவது, முன்பல் ஈறுகள் சிவப்பது எல்லாம் இதன் விளைவுகள். வெல்லம் பல்லுக்குக் கேடு செய்யாது, சர்க்கரைதான் செய்யும் என்று சித்தூர்ப் பக்கத்தில் சொல்வோரும் உண்டு. கிருமிக்கு அந்தப் பாகுபாடு தெரியாது. வெல்லத்திலும் பெரும்பகுதி சர்க்கரைதான். பாகாய்ப் பல்லில் ஒட்டிக்கொள்வதால் அதனிடம் நாம் இன்னும் விழிப்பாகவே இருக்க வேண்டும்.

இரவில் நறநறக்கும் பற்கள்

சிறு பிள்ளைகள் உறக்கத்தில் பற்களை நறநறவென்று கடித்தால் வயிற்றில் பூச்சி என்று பாட்டிமார் சொல்வர். உடனே பூச்சி மருந்து கொடுப்பதும் உண்டு. இன்றைய மருத்துவர் இதை உறக்கத்தில் நேரும் தசை இயக்கமாகவே கருதுகின்றனர். உறக்கம் ஆழத்திலிருந்து சற்றே மேலெழும் கணங்களில் தாடைத் தசைகள் தாளம் போடுவதுபோல் இறுகித் தளர்கின்றன. மனக்கவலை, புகைபிடித்தல், மது, மிகுதியான காப்பி ஆகியவை இதைத் தூண்டக்கூடும். மூச்சடைப்பு உள்ளவரிடமும் இது காணப்படுவதுண்டு. பல் உச்சி தட்டையாதல், காலையில் தாடை வலி, பொட்டில் தலைவலி, குளிர்ந்த நீர் பட்டால் கூச்சம் ஆகியவை இதன் அடையாளங்கள்.

நாக்கின் ஓரத்தில் பல் அச்சு பதிந்திருப்பதற்கு நாக்கு பெருத்திருப்பதோ தாடை குறுகியிருப்பதோ காரணமாகலாம். இரண்டும் தொண்டை வழியை நெருக்குபவையே.

உறக்கம் வாயைக் கெடுப்பது போலவே வாயும் உறக்கத்தைக் கெடுக்கும். சொத்தைப் பல்லின் வலி இரவில் மிகுவதை அனுபவித்தவர் அறிவர். படுக்கும்போது தலைப்பக்கம் இரத்த ஓட்டத்தின் அழுத்தம் கூடுகிறது. வீங்கிய பற்கூழ் கெட்டியான சுவருக்குள் அடைபட்டிருப்பதால் விரிய இடமின்றித் துடிக்கிறது. பகலில் நம் கவனத்தைப் பிரித்த ஓசைகளும் வேலைகளும் இரவில் இல்லை. உறக்கம் குறையக் குறைய வலியைத் தாங்கும் ஆற்றலும் குறைகிறது. வலி உறக்கத்தைக் குலைக்கும். குலைந்த உறக்கம் வலியை வளர்க்கும். செக்கு மாடு சுற்றுவது போன்ற சுழல் இது.

கண்ணாடிமுன் ஒரு பாடம்

தொண்டை வழியின் நெருக்கத்தை வாயைத் திறந்தே ஓரளவு மதிப்பிடலாம் என்று உலகுக்குக் காட்டியவர் ஓர் ஆந்திரர். ஆந்திரத்தில் பிறந்து அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் மயக்கமருந்து நிபுணராகப் பணியாற்றிய டாக்டர் சேஷகிரி ராவ் மல்லம்பாட்டியே அவர். அறுவைக்குமுன் நோயாளியின் மூச்சுக் குழாயில் குழல் செருகுவது யாரிடம் கடினமாக இருக்கும் என்பதை முன்கூட்டி அறிய அவர் விரும்பினார். 210 நோயாளிகளை ஆராய்ந்து 1985இல் தம் முறையை வெளியிட்டார். நிமிர்ந்து உட்கார்ந்து, வாயை அகலத் திறந்து, ஓசை எழுப்பாமல் நாக்கை வெளியே நீட்ட வேண்டும். உள்ளே எது எது தெரிகிறது என்பதே கணக்கு. அவர் மூன்று வகுப்புகள் சொன்னார். 1987இல் வேறு இருவர் நான்காவதைச் சேர்த்தனர்.

பின் அண்ணமும் உள்நாக்கு முழுவதும் பக்கத் தூண்களும் தெரிந்தால் முதல் வகுப்பு. தூண்கள் மறைந்தால் இரண்டாவது. உள்நாக்கின் அடிப்பாகம் மட்டும் தெரிந்தால் மூன்றாவது. பின் அண்ணமே தெரியாமல் நாக்கு மறைத்தால் நான்காவது. மயக்கமருந்துக்காகப் பிறந்த இந்த முறையை உறக்க மருத்துவர்களும் கைக்கொண்டனர். வகுப்பு ஒரு படி கூடும்போது மூச்சடைப்பு இருக்கும் வாய்ப்பு இருமடங்குக்கு மேல் ஆகிறது என்று 2006இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கூறிற்று. ஆனால் நண்பர்களே, கண்ணாடியைப் பார்த்து நமக்கு நாமே நோய்ப்பெயர் சூட்டிக்கொள்ள இது வழியன்று. நான்காம் வகுப்பினர் பலர் அமைதியாக உறங்குகின்றனர். முதல் வகுப்பிலும் நோயாளர் உண்டு. இது ஒரு குறிப்பு, தீர்ப்பு அன்று.

டொரொண்டோ நகரத்து டாக்டர் பிரான்சஸ் சங் குழுவினர் 2008இல் எட்டுக் கேள்விகளைத் தொகுத்தனர். உரத்த குறட்டை உண்டா? பகலில் அடிக்கடி சோர்வா? உறக்கத்தில் மூச்சு நின்றதைப் பிறர் கண்டதுண்டா? இரத்த அழுத்தம் உண்டா? உடல் மிகவும் பருமனா? வயது ஐம்பதுக்கு மேலா? கழுத்தின் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா? ஆணா? மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கேள்விகளுக்கு 'ஆம்' என்றால் மருத்துவரை நாட வேண்டும். வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தே அப்பாவிடமும் மாமாவிடமும் இவற்றைக் கேட்கலாம். மூன்றாவது கேள்வியை மட்டும் அம்மாவிடமும் அத்தையிடமும் கேட்க வேண்டும்.

இதனால் அது, அதனால் இது?

இங்கே விஞ்ஞான மாணவர் நின்று நிதானிக்க வேண்டிய ஓரிடம் உண்டு. ஈறுநோய் உள்ளவரிடம் உறக்க மூச்சடைப்பு அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. உடனே ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்று சிலர் எழுதிவிடுகின்றனர். இரண்டு பொருள்கள் சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றதன் காரணம் ஆகிவிடாது. உடற்பருமன், நீரிழிவு, புகைபிடித்தல், முதுமை ஆகிய நான்கும் ஈற்றையும் தாக்கும், உறக்கத்தையும் தாக்கும். மூலம் ஒன்றாக இருந்து கிளைகள் இரண்டாக இருக்கலாம். வாய்வழி மூச்சு ஈற்றை உலர்த்துவதும் ஒரு பங்காகலாம். பல் துலக்கினால் குறட்டை நிற்கும் என்று யாரேனும் விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம். ஆனால் ஈறு புண்பட்டவரிடம் உறக்கத்தைப் பற்றிக் கேட்பதும், குறட்டைக்காரரின் வாயைத் திறந்து பார்ப்பதும் அறிவுடைமையே. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் தன் உறுப்பினர் நோயாளிகளிடம் இவ்வாறு விசாரித்தறிய வேண்டுமென்று 2017இல் கொள்கை வகுத்ததும் இக்கருத்தினாலேயே.

பரிகாரங்கள்

கடுமையான மூச்சடைப்புக்கு முதன்மையான சிகிச்சை, ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து காலின் சலிவன் 1981இல் அறிவித்த கருவி. மூக்கின்மேல் பொருத்திய முகமூடி வழியே சற்று அழுத்தமான காற்றை அது செலுத்துகிறது. அந்த அழுத்தமே தொண்டைச் சுவர்கள் ஒட்டாமல் முட்டுக் கொடுக்கிறது. இலேசான, நடுத்தர நிலைகளுக்குப் பல் மருத்துவரே உதவ முடியும். மேல் பற்களிலும் கீழ்ப் பற்களிலும் மாட்டும் அச்சு ஒன்றைச் செய்து, கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னே இழுத்து நிறுத்துவர். தாடையோடு நாக்கும் முன்வரும், வழி திறக்கும். இதற்கு உறுதியான பற்கள் வேண்டும். பல் வலித்தபோதெல்லாம் பிடுங்கி எறிந்தவருக்கு இந்தச் சிகிச்சை எட்டாமல் போகக்கூடும். பல்லைக் காப்பது உறக்கத்தைக் காப்பதும் ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? தாடை வலியும் பற்கள் சற்றே இடம் மாறுவதும் நேரக்கூடுமாதலால், இதை மருத்துவர் அளவெடுத்துச் செய்து கண்காணிக்க வேண்டும்.

பிள்ளைகளிடம் குறட்டையும் வாய்திறந்த உறக்கமும் தொடர்ந்து இருந்தால் டான்சிலும் மூக்கின் பின்னுள்ள அடினாய்டு சதையும் பெருத்திருக்கலாம். அதைக் கவனியாது விட்டால் அண்ணம் குறுகி உயர்ந்து, பற்கள் நெருங்கி முந்துவதுண்டு. பள்ளியில் மந்தமானவன் என்று பெயர் வாங்கும் பிள்ளை உண்மையில் இரவில் மூச்சுக்குத் திண்டாடும் பிள்ளையாக இருக்கலாம். பிரம்பால் தீரும் குறையா அது?

எல்லோருக்கும் பொதுவான வழிகளும் உள. உடல் எடையைக் குறைத்தல், ஒருக்களித்துப் படுத்தல், படுக்குமுன் மதுவையும் மருத்துவர் எழுதாத தூக்க மாத்திரைகளையும் விலக்கல், புகையை அறவே விடுதல். வாயின்மேல் ஒட்டுத்தாள் ஒட்டிக்கொண்டு உறங்கும் வழக்கம் ஒன்று இப்பொழுது கைப்பேசி வழியே பரவி வருகிறது. மூக்கடைப்போ மூச்சடைப்போ உள்ளவருக்கு அது ஆபத்து. காரணம் அறியாமல் கதவை அடைக்கலாகாது.

நாம் செய்ய வேண்டியவை

மாணவராகிய நமக்கு இதில் என்ன வேலை? முதலாவது, இரவு உணவுக்குப்பின் தண்ணீர் தவிர வேறெதுவும் பல்லில் தங்காமல் பற்பசையிட்டுத் துலக்கிவிட்டுப் படுப்பது. ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் போற்றிய நம் முன்னோரிடம் காலையில் துலக்கும் வழக்கத்தைக் கற்றோம். இரவிலும் துலக்க வேண்டுமென்பதை உமிழ்நீரைப் பற்றிய அறிவு நமக்குக் கற்பிக்கிறது. நள்ளிரவில் விழித்திருக்கத் தேநீர் தேவைப்பட்டால் சர்க்கரையில்லாமல் குடித்துப் பாருங்கள். இரண்டு வாரத்தில் நாக்கு பழகிவிடும்.

இரண்டாவது, உறக்கத்தை வெட்டிப் படிப்புக்குக் கொடுப்பது இலாபம் என்ற கணக்கை மாற்றுவது. பகலில் கற்றதை மூளை உறுதிப்படுத்திக்கொள்வது உறக்கத்தில்தான். மூன்றாவது, ஆண்டுக்கு ஒரு தடவையேனும் பல் மருத்துவரிடம் செல்வது. திருப்பதியில் இருப்போருக்கு ரூயா அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. சித்தூர் நண்பர்களுக்கு வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நெடுந்தொலைவு அன்று. செல்லும்போது பல்லோடு உறக்கத்தைப் பற்றியும் சொல்லுங்கள், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

நான்காவதே எல்லாவற்றினும் பெரிது. குறட்டையைக் கண்டு சிரிப்பதை நிறுத்துவோம். விடுதி அறையில் குறட்டை விடும் தோழனுக்குக் கும்பகர்ணன் என்று பட்டம் சூட்டுவது எளிது. அவன் மூச்சு நடுவில் நிற்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டு, காலையில் அவனிடம் அன்போடு சொல்வது கடினம். உறங்குபவன் தன் நோயைத் தானே அறிய மாட்டான். அருகில் விழித்திருப்பவன் சொன்னால்தான் உண்டு. நம் வீடுகளில் தாய்மாரும் மனைவிமாரும் அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு வாய் திறவாமல் இருக்கின்றனர். அவர்களைக் கேளுங்கள். அவர்கள் சொல்வதை நம்புங்கள். அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போது இந்த ஒரு வேலையை மறவாமல் செய்யுங்கள்.